சஞ்சீவிக்கு எழுத்துப்பிழை ஆகாது

தன் நிறுவனத்துக்கு 'அந்தரம்' என்று பெயர் வைத்த மனிதரை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ரேடியோவுக்கு வழியெல்லாம் ஆசையாக இருந்தது. கடை, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று ஊரில் உள்ளவர்களின் இணையதளங்களை வாங்கித் தன் கணினிகளில் ஏற்றி, இரவு பகல் பாராமல் ஓடவைத்துத் தருவது அந்த நிறுவனத்தின் தொழில். நல்ல தொழில்தான். ஆனால் 'உங்கள் தளம், எங்கள் அந்தரத்தில்' என்று வாசலிலேயே ஆளுயர எழுத்தில் எழுதிவைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

"அந்தரத்துல விட்டுட்டாங்கன்னு யாரும் நாளைக்குப் புகார் குடுக்க முடியாது மேடம். முன்னாடியே சொல்லிட்டாங்க," என்றான் ரேடியோ லிஃப்டில்.

சர்வேயரம்மா சிரிக்கவில்லை. அவர் வெகுகாலம் காப்பீட்டு நிறுவனத்தில் எரிந்த கிடங்குகளையும் நொறுங்கிய லாரிகளையும் பார்த்து, எது விபத்து, எது வித்தை என்று பிரித்துச் சொல்லும் வேலையில் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு அதே மூக்கை வைத்துத் துப்பறிகிறார். 'ரேடியோ' என்பது அவருடைய உதவியாளனின் பட்டப்பெயர். முன்பு வானொலியில் போக்குவரத்துச் செய்தி வாசித்தவன். ஒருநாள் காலை, மேயரின் கார் நடுரோட்டில் நிற்பதால் நெரிசல் என்று உள்ளதை உள்ளபடி வாசித்துவிட்டான். மதியம் வேலை இல்லை.

லிஃப்ட் திறந்ததும் எதிரே சுவர் முழுக்க ஒரு திரை. அதில் பச்சை விளக்குகள் வரிசையாக மினுங்கின. ஒவ்வொரு விளக்கும் ஒரு தளம். அதன் கீழே நின்றுகொண்டு நிறுவனர் அவர்களை வரவேற்றார். கோட்டு, பளபளக்கும் ஷூ, ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்காத கைகள். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி நின்றாள். அலுவலக நிர்வாகம் முழுதும் அவள் பொறுப்பு. வந்தவர்களுக்குத் தலையசைத்தாள்.

நிறுவனர் சொன்ன கதை இதுதான். சில வாரங்களாக, புதன்கிழமை மதியம் ஆனால் போதும், அத்தனை தளங்களும் ஒரேயடியாகப் படுத்துவிடுகின்றன. அரை மணி நேரம் பேச்சு மூச்சு இல்லை. பிறகு தானாக எழுந்துகொள்கின்றன. இன்று புதன். மதியம் நிறுவனத்தையே விலைக்கு வாங்க ஒரு பெரிய அம்மா தன் ஆட்களோடு வருகிறார். அதற்குள் ஆள் அகப்பட வேண்டும். ஆள் யார் என்பதும் அவருக்குத் தெரியும். மனைவியின் தம்பி. இருவரும் சேர்ந்து ஒரே அறையில் ஆரம்பித்த நிறுவனம் இது. சில மாதங்களுக்கு முன் விருந்தாளிகள் முன்னால் மச்சான் வாய்க்கு வந்ததைப் பேசி மானத்தை வாங்கினான். வெளியே போகச் சொல்லியாயிற்று. அந்த வயிற்றெரிச்சல். போலீஸ் புகார்கூடத் தயார். சாட்சி மட்டும்தான் பாக்கி.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாட்சி சேர்த்துக்கொண்டிருந்தவர் புதிதாகச் சேர்ந்த பாதுகாப்பு அதிகாரி. பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொதுச் சாவி உண்டாம், அதாவது ஒரு கடவுச்சொல். ஒவ்வொரு புதனும் தளங்கள் படுத்திருக்கும்போது யாரோ அதே சாவியைப் போட்டு உள்ளே நுழைகிறார்கள் என்று தன் மடிக்கணினியில் பெருமையோடு காட்டினார்.

"மத்த நாள்ல?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

மற்ற நாட்களை அவர் பார்க்கவில்லை. அதைப் பார்க்கச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. சர்வேயரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பார்க்கவைத்தார். பார்க்கப் பார்க்க அதிகாரியின் முகம் சுருங்கியது. தளங்கள் புதனன்று மட்டும் விழவில்லை. தினமும் விழுந்தன. ஒரே நாளில் பலமுறையும் விழுந்தன. ஒவ்வொரு முறையும் விழுந்த மறுகணமே அந்த ஆள் உள்ளே வந்திருக்கிறான்; கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் எழுந்து நின்றிருக்கின்றன. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. புதன்கிழமைகளில் மட்டும் அவன் அரை மணி நேரம் கழித்து வந்திருக்கிறான்.

"தான் பண்ற திருட்டுக்கே லேட்டா வர்ற திருடன்," என்றான் ரேடியோ. "அரசாங்க வேலையில இருந்திருப்பான் போல."

"நான் எரிஞ்ச கிடங்கு நெறைய பார்த்திருக்கேன்," என்றார் சர்வேயரம்மா நிறுவனரிடம். "எல்லாத்துலயும் தீயணைப்பு வண்டி நின்னுட்டிருந்தது. அதுக்காக வண்டியப் பிடிச்சு உள்ள வைக்க முடியுமா? உங்க ஆள் கொளுத்த வரல. அணைக்க வர்றார்."

நிறுவனர் இதைக் கேட்டுப் புன்னகைத்தார். விவரம் தெரியாதவர்களைப் பார்த்துப் புன்னகைத்துப் பழகிய புன்னகை. அணைப்பதற்கு ஆள் தேவையில்லை, அதற்குத்தான் சஞ்சீவி இருக்கிறது என்றார். படுத்த தளத்தைத் தானே கண்டுபிடித்து, தானே எழுப்பிவிடும் மென்பொருள். மனிதக் கை படாதது. உலகில் வேறு எவரிடமும் இல்லாதது. வாங்க வருகிற அம்மா இத்தனை விலை பேசுவதே அதற்காகத்தான். விழுவது இந்தத் தொழிலில் சகஜம். அந்தரத்தின் பெருமை அது எழுவதில்தான் இருக்கிறது.

சஞ்சீவியைப் பார்க்க வேண்டும் என்றார் சர்வேயரம்மா.

அங்கேதான் வேடிக்கை ஆரம்பித்தது. முதல் அறையில் இருந்த பொறியாளர்கள், சஞ்சீவி பக்கத்து அறையின் பொறுப்பு என்றார்கள். பக்கத்து அறையில் எல்லோரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். கழற்றிவிட்டு, அது கோடியறைக்காரர்கள் எழுதியது, நாங்கள் கைவைக்கக் கூடாது என்றார்கள். கோடியறையில் இருந்த தலைமைப் பொறியாளர் மிகுந்த மரியாதையோடு, சஞ்சீவியைப் பற்றித் தான் மாநாடுகளில் பேசியிருப்பதாகவும், ஆனால் அதைப் பராமரிப்பது முதல் அறை என்றும் சொன்னார்.

"கடவுள் மாதிரி இருக்கு மேடம்," என்றான் ரேடியோ. "எல்லாரும் கும்பிடறாங்க. யாரும் பார்த்ததில்ல."

கண்ணால் பார்க்கக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு முறை தளம் எழுந்ததும் சஞ்சீவி சுவர்த்திரையின் அடியில் ஒரு வரி எழுதும். 'சீரமைப்பு முடிந்தது.' ரேடியோவுக்கு எழுத்தைக் கண்டால் உரக்க வாசிக்கிற பழைய வியாதி. செய்தி வாசிக்கும் குரலில் வாசித்துக்கொண்டே போனான். சீரமைப்பு முடிந்தது. சீரமைப்பு முடிந்தது. சீரமைப்பு முடிஞ்சுது.

வாசித்தவன் நின்றான்.

"மேடம், இயந்திரம் வீட்டு பாஷை பேசுது. ரொம்பக் களைச்சுப்போச்சு போல."

செயற்கை நுண்ணறிவு மனிதர்களோடு பழகப் பழக அப்படித்தான் பேசும் என்று நிறுவனர் விளக்கினார். சுற்றி இருந்த பொறியாளர்கள் எல்லோரும் ஒருமிக்கத் தலையாட்டினார்கள். சர்வேயரம்மா மட்டும் ஆட்டவில்லை. ரேடியோவைத் தனியே அழைத்து, அந்தரத்தில் ஒரு கணக்கு தொடங்கு, ஒரு குடை ரிப்பேர் கடைக்குத் தளம் போடு என்றார். முகப்பில் எழுத்துப்பிழையோடு எழுது. பிறகு முடிவே இல்லாத கணக்கு ஒன்றைப் போடச் சொல்லி, அது மூச்சுமுட்டி விழும்படி செய்.

ரேடியோவுக்கு இதற்குமேல் ஒரு சந்தோஷம் உண்டா? 'இங்கு குடை பளுது பார்க்கப்படும்' என்று கொட்டை எழுத்தில் போட்டான். கணக்கைக் கொடுத்தான். தளம் விழுந்தது. சிவப்பு விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது, உடனே பச்சை. சீரமைப்பு முடிந்தது. முகப்பைத் திறந்து பார்த்தார்கள். 'இங்கு குடை பழுது பார்க்கப்படும்' என்று சுத்தமாக இருந்தது.

"இன்னொண்ணு," என்றார் சர்வேயரம்மா.

இம்முறை ரேடியோ, 'கருப்புக் குடைக்குச் சலுகை உண்டு' என்று எழுதினான். விழவைத்தான். எழுந்தபோது 'கறுப்புக் குடை' என்று இருந்தது.

"இது அநியாயம் மேடம். ரெண்டும் சரிதான். இதுல ரெண்டு கட்சி இருக்கு, வெட்டுக்குத்து வரைக்கும் போயிருக்கு. நம்ம சஞ்சீவி எந்தக் கட்சின்னு தெரிஞ்சுபோச்சு."

அப்போதுதான் பின்னாலிருந்து நிறுவனரின் மனைவி பேசினாள். எப்போது வந்து நின்றாள் என்று இருவருக்கும் தெரியாது.

"அது என் தம்பி," என்றாள். "எங்க கல்யாணப் பத்திரிகையில 'சுற்றமும்'ல சின்ன 'ர' போட்டுட்டாங்கன்னு, அத்தனை பத்திரிகையும் மடியில வச்சுக்கிட்டு பேனாவால திருத்தினான். பந்தல்ல பாதிப்பேர் உக்காந்தப்புறமும் திருத்திட்டிருந்தான்."

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. நெடுநாள் அடைத்து வைத்திருந்தது கொட்டியது. அன்று விருந்தாளிகள் முன்னால் தம்பி பேசியது வேறொன்றுமில்லை. சஞ்சீவி இன்னும் எழுதப்படவே இல்லை என்பதைத்தான் சொன்னான். கணவர் தேதி மேல் தேதியாக அறிவித்துக்கொண்டே போனார். எழுத வேண்டியவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. அதனால் அலாரம் அடிக்கும்போதெல்லாம் கையாலேயே எழுப்பிவிட்டு, கையாலேயே 'முடிந்தது' என்று எழுதினான். வேலையைவிட்டுத் துரத்திய பிறகும் வீட்டில் அவன் கைபேசி கத்துவதை அவள் பார்த்திருக்கிறாள். என்ன என்று கேட்கப் பயந்து கேட்காமல் விட்டுவிட்டாள்.

இந்தச் செய்தியை நிறுவனரிடம் கொண்டுபோனது தப்பாகப் போயிற்று. அவர் முகத்தில் ஒரு நிமிடம் ரத்தமே இல்லை. அடுத்த நிமிடம் முழுதும் வந்துவிட்டது. அப்படியானால் உள்ளே நுழைவது மச்சான்தான் என்று நிரூபணமாகிவிட்டது, நன்றி என்றார். பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டுப் பூட்டை உடனே மாற்றச் சொன்னார். இனிமேல் உள்ளே போக வேண்டுமானால் நிறுவனரின் கைபேசிக்கு ஓர் எண் வரும். அதைச் சொன்னால்தான் கதவு திறக்கும். சர்வேயரம்மா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். தீயணைப்பு நிலையத்துக்குப் பூட்டுப் போடாதீர்கள் என்றார். சஞ்சீவி பார்த்துக்கொள்ளும் என்று நிறுவனர் திரும்பத் திரும்பச் சொன்னார். மேடைமேடையாகச் சொல்லி, இத்தனை நாளில் அவரே அதை நம்பத் தொடங்கியிருந்தார் என்பது ரேடியோவுக்கு அப்போதுதான் புரிந்தது. பொய் சொல்கிறவனிடம் பேசிப் பார்க்கலாம். இவரிடம் என்ன பேசுவது?

மதியம் நிறுவனத்தை வாங்கவிருந்த அம்மா வந்தார். நரைத்த தலை, அழுத்தமான நடை. பேசுகிறவரின் வாயைப் பார்க்காமல் கையைப் பார்ப்பவர். நிறுவனர் திரைக்கு முன்னால் நின்று ஆரம்பித்தார். தளங்கள், வேகம், வளர்ச்சி, வானமே எல்லை. பாதியில் அவருக்குப் பின்னால் ஒரு விளக்கு சிவந்தது. பிறகு ஒரு வரிசை. பிறகு சுவர் முழுக்கச் சிவப்பு.

நிறுவனர் கொஞ்சமும் அசரவில்லை. இப்போது சஞ்சீவியைக் கண்ணாரக் காணலாம் என்று கையை வீசித் திரையைக் காட்டினார். எல்லோரும் பார்த்தார்கள். காபி ஆறிப்போகும் வரை பார்த்தார்கள். திரை சிவப்பாகவே இருந்தது. மூன்று அறைகளின் பொறியாளர்களும் கதவோரம் கூடி, அடுத்த அறைக்காரர்களின் முகத்தை எதிர்பார்ப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொலைபேசிகள் அலற ஆரம்பித்தன. பெரும்பாலும் கடைக்காரர்கள். நடுவில் ஒன்று, ஆம்புலன்ஸ் சேவைக்காரர்கள். எந்த வண்டி எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவர்களுக்கு அந்தரத்தில் ஓடும் தளம் வழியாகத்தான் தெரியும். வண்டிகள் தயாராக நிற்கின்றன, போக வேண்டிய இடம் தெரியவில்லை. நிறுவனரின் மனைவி அவர்களுடைய அழைப்புகளைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, இரண்டு தொலைபேசிகளோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு காதில் உதவி கேட்பவர்கள், மறு காதில் ஓட்டுநர்கள். முகவரிகளை ஒன்றிலிருந்து வாங்கி மற்றதில் சொன்னாள். எவ்வளவு நேரம் அப்படிச் சமாளிக்க முடியும்?

சர்வேயரம்மா அவள் பக்கத்தில் குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். புதன்கிழமை மதியம் தம்பி எங்கே?

அவள் பேச்சுக்கு நடுவே பதில் சொன்னாள். அப்பாவுக்குப் பக்கவாதம். புதனன்று நீர்ச் சிகிச்சை. குளத்துக்குள் இறக்கி நடக்கப் பழக்குவார்கள். கூடப் போக வேண்டியது அவள்தான். கணவர் புதன்தோறும் மதியம் மீட்டிங் வைத்துவிட்டதால் தம்பி போகிறான். குளத்துக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது.

சர்வேயரம்மா நிமிர்ந்தார். அறை முழுக்கக் கேட்கும்படி நிறுவனரிடம் சொன்னார்.

"உங்க சஞ்சீவி தண்ணியில இருக்கார்."

"பட்டப்பகல்லயேவா?" என்று கேட்டார் வாங்க வந்த அம்மா.

"அந்தத் தண்ணி இல்லீங்க," என்றான் ரேடியோ.

சிகிச்சை நிலையம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. நிறுவனர் போக மறுக்க வாயெடுத்தார். தரையில் உட்கார்ந்திருந்த மனைவி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவர் நடந்தார். பிறகு ஓடினார். பின்னால் சர்வேயரம்மாவும் ரேடியோவும். அவர்களுக்குப் பின்னால், யாரும் அழைக்காமலே, வாங்க வந்த அம்மா.

கதகதப்பான, மருந்து வாடை அடிக்கும் கூடம். நீலத் தண்ணீரில் மார்பளவு நின்றுகொண்டு ஓர் இளைஞன் ஒரு கிழவரின் இரண்டு கைகளையும் பிடித்திருந்தான். ஒல்லியான உடம்பு, கண்ணுக்கடியில் கருவளையம். தூங்கி வெகுநாளான முகம். கரையில் மூச்சிரைக்க நின்ற அத்தானைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எது விழுந்திருக்கு?"

"எல்லாம்."

"ஆம்புலன்ஸ்?"

அதுவும்தான் என்று நிறுவனர் தலையை ஆட்டினார். பூட்டை மாற்றிவிட்டதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

இளைஞன் கோபப்படவில்லை. சிகிச்சையாளர் மறுகோடியில் வேறொருவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரேடியோ, தான் இறங்கிப் பிடிப்பதாகச் சொல்லிச் சட்டைக் கையை மடித்தான். கிழவர் அந்நிய முகத்தைக் கண்டதும் மிரண்டு, மகனின் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார். பேச்சு போய்விட்டிருந்தது; கண்தான் பேசியது. அந்தக் கண் கரையில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தது.

"அப்பாவப் பிடிங்க அத்தான்," என்றான் மச்சான்.

நிறுவனர் கைபேசியை ரேடியோவிடம் கொடுத்தார். ஷூவைக் கழற்ற நினைவில்லை. கோட்டோடு இறங்கினார். கோட்டு ஊதி, குடை மாதிரி அவரைச் சுற்றி மிதந்தது. ரேடியோவுக்கு வாயில் ஒரு வசனம் வந்தது, விழுங்கிவிட்டான்.

மச்சான் கரையேறினான். பெட்டகத்திலிருந்து தன் கைபேசியை எடுத்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்டச் சுவரோரம் குந்தினான். ரேடியோ கையிலிருந்த கைபேசிக்கு எண் வந்தது; செய்தி வாசிக்கும் குரலில் ஒவ்வொன்றாக வாசித்தான். வாழ்க்கையிலேயே இவ்வளவு நிதானமாக அவன் எதையும் வாசித்ததில்லை. மச்சான் முதலில் ஆம்புலன்ஸை எழுப்பினான். பிறகு மருத்துவமனைகள். பிறகு பள்ளிகள், கடைகள். சற்று நேரத்தில் சர்வேயரம்மாவின் கைபேசி அடித்தது. நிறுவனரின் மனைவி. வண்டிகளுக்கு முகவரி போகத் தொடங்கிவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"துரத்தினப்புறமும் ஏன் செஞ்சீங்க?" என்று மெல்லக் கேட்டார் சர்வேயரம்மா.

"தளம் வச்சிருக்கவங்ககிட்ட வாக்கு குடுத்தது நான். அத்தான் இல்ல," என்றான் அவன். "என்னைத்தான வெளிய அனுப்பினாங்க. அவங்கள இல்லையே."

வாங்க வந்த அம்மா குளத்தின் விளிம்புக்கு வந்தார். மார்பளவு தண்ணீரில் மாமனாரின் கைகளைப் பிடித்தபடி நின்ற நிறுவனரிடம், மனிதக் கை படாத அந்த மென்பொருள் எங்கே என்று விசாரித்தார்.

நிறுவனரின் கைகள் கிழவரிடம் மாட்டிக்கொண்டிருந்தன; வீசிப் பேச வழியில்லை.

"அப்படி ஒண்ணு இல்லீங்க," என்றார். "அதோ அங்க குந்தியிருக்கான். என் மச்சான்."

வேலை முடிந்து மச்சான் தண்ணீரில் இறங்கி அப்பாவின் கையை வாங்கப் போனான். கிழவர் விடவில்லை. மாப்பிள்ளையின் விரல்களை அப்படியே இறுக்கிக்கொண்டு, ஒரு காலை முன்னால் வைக்கப் பார்த்தார்.

"சஞ்சீவிய எழுத உனக்கு எத்தனை மாசம் வேணும்?" என்று நிறுவனர் கேட்டார். தேதியை அறிவிக்காமல் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"முதல்ல அப்பாவ அந்தக் கோடி வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. பின்பக்கமா நடக்கணும். மெல்ல. நடந்துக்கிட்டே பேசலாம்."

நிறுவனர் பின்பக்கமாக ஓர் அடி வைத்தார். கிழவர் முன்பக்கமாக ஓர் அடி வைத்தார். வாங்க வந்த அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் ஆட்களுக்குப் போன் போட்டு, காரைக் கொண்டுவர வேண்டாம், நேரமாகும் என்று சொல்லிவிட்டு, சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.